பக்கத்து வீட்டு அன்ரியின் இடது முகம்

பல் விளக்கிவிட்டு வாயைக் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தபடி நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. மற்றப் பக்கம் வேறு யாருடையதோ போல அசையாமல் கிடந்தது. கண் முழுதாக மூடவில்லை. கன்னம் ஈர மாவுபோலத் தொங்கியது.

கணவர் சமையலறையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"விடியக் காலமையே தொடங்கிட்டீரோ?" என்றார் சிரித்தபடி.

ஏதோ காட்சிக்குப் பழகுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கோணல் முகம், திகைத்த முகம், கோபத்தை விழுங்கிய முகம் என்று எல்லாவற்றையும் நான் முதலில் அவருக்குத்தான் காட்டிப் பார்ப்பேன்.

"நான் நடிக்கேல்லையப்பா" என்றேன். கடைசி எழுத்துகளுக்கு உதடு ஒட்டவில்லை. வெறும் காற்று வந்தது. அவர் கேத்திலை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

நான் ஒரு நடிகை. அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கூச்சம். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் பொதி கட்டும் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்தேன். சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூட மண்டபங்களில் தமிழ் நாடகம் போடுவோம். நீளமான முகமும் பெரிய குரலும் எனக்கு. கதாநாயகி வேடம் ஒருநாளும் கிடைத்ததில்லை. சண்டைக்காரி, கல்யாணத் தரகர், பொறாமை பிடித்த மச்சாள் என்று தருவார்கள். நான் மேடைக்கு வந்தாலே பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்காகவே கிழமை முழுவதும் பல் வைத்தியரின் தொலைபேசியை எடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம்.

ஆங்கிலத் தொலைக்காட்சிக்குப் போனது ஒரு தோழி சொல்லித்தான். முதல் வேலை, ஆஸ்பத்திரி நடைபாதையில் சேலையோடு உட்கார்ந்திருப்பது. பிறகு விமான நிலையத்தில் அழும் தாய். பிறகு நீதிமன்றத்தில் அழும் தாய். என் நிறத்திலும் வயதிலும் உள்ளவர்களுக்கு அங்கே அழுவதற்கு நிறைய இடம் இருந்தது. சிரிக்கவைப்பதற்கு ஒருவரும் கூப்பிடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நகைச்சுவைத் தொடர் வந்தது. மனைவியை இழந்த ஒரு வெள்ளைக்காரர், வளர்ந்த இரண்டு பிள்ளைகள், அவர்களுடைய சமையலறை. அதற்குள் பக்கத்து வீட்டு அன்ரி ஒருத்தி கதவைத் தட்டாமல் சாப்பாட்டுப் பெட்டியோடு நுழைவாள். எனக்கு ஒரே ஒரு வாரத்துக்கான வேலை, மூன்று வரி வசனம். நான் உள்ளே வந்து, அடுப்பில் அவர் கிண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வசனத்தைச் சொல்வதற்கு முன் இடது புருவத்தை மட்டும் தூக்கினேன். அவ்வளவுதான். ஸ்ரூடியோவில் நேரில் பார்த்துக்கொண்டிருந்த சனம் சிரித்த சிரிப்பில் அந்த நடிகர் தன் வசனத்தைச் சொல்ல முடியாமல் காத்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருடமும்.

அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் பக்கத்து வீட்டு அன்ரிதான். மார்க்கம் றோட்டில் மரக்கறி வாங்கப் போனால் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"அன்ரி, ஒருக்கா அந்தப் புருவத்தைத் தூக்கிக் காட்டுங்கோ. இவன் பாக்கவேணுமாம்."

கையில் முருங்கைக்காயோடு நின்று தூக்கிக் காட்டுவேன். ஒருவரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் ஒன்றுமில்லை என்றார் இளம் டொக்டர். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கிவிட்டது, மருந்து தருகிறேன், படுக்கும்போது கண்ணை ஒட்டிவிட்டுப் படுங்கள், அநேகமானவர்களுக்குச் சில கிழமைகளில் சரியாகிவிடும் என்றார்.

"மற்றவர்களுக்கு?" என்று கேட்டேன்.

"பொறுத்துப் பார்ப்போம்."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சரியாகுமா?"

"வெள்ளிக்கிழமை என்ன?"

"வேலை இருக்கிறது. சனத்தைச் சிரிக்கவைக்க வேண்டும்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு, கொஞ்ச நாளைக்கு லீவு போடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர், "உயிருக்கு ஒண்டுமில்லையெண்டு சொல்லிப்போட்டினம். அது காணுமப்பா" என்றார்.

"உங்களுக்குக் காணும்!" என்று கத்தினேன். அவர் நல்ல மனிதர். முப்பது வருடமாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். அவருடைய முகத்துக்கு என்ன ஆனாலும் பஸ் ஓடும். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் வீடு வரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரூடியோ ஏரிக்குக் கிட்ட, பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இருந்தது. இயக்குநர் உயரமான பெண். கனிவானவர். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது, நீங்கள் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் போனது, எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து வசனங்களை வாசிக்கும் நாள். என் முறை வந்தது. உதடு ஒட்டிச் சொல்லவேண்டிய எந்தச் சொல்லும் எனக்கு வரவில்லை. 'ப'வும் 'ம'வும் வரும் இடமெல்லாம் எச்சில் தெறித்தது. கைக்குட்டையால் வாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். எல்லோரும் தங்கள் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன எதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. அதைவிட மோசம், மரியாதைக்காக இரண்டு பேர் சிரித்தார்கள்.

எழுதுகிறவர்களில் ஒருவர் அன்று மத்தியானம் முழுக்க இருந்து, என் வசனத்தில் உதடு ஒட்டும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார். முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நன்றி சொல்ல முயன்றேன். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டார். "முகம் சரியாகும்வரை உங்களைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்கிறோம். அன்ரிக்குத் தொற்றுக் காய்ச்சல். உள்ளே வரமுடியாமல் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறாள். உங்கள் குரலே போதும்" என்றார்.

முதல் வாரம் அது வேலை செய்தது. சமையலறைக் கதவு என்பது மரச்சட்டத்தில் அடித்த பலகை. அதன் பின்பக்கத்தில் பெயின்ற் கிடையாது. இருட்டு, ஒரு சின்ன விளக்கு, தரை முழுக்க வயர்கள். அங்கே நின்று உள்ளே நடப்பதைத் திட்டினேன், புத்தி சொன்னேன், சாப்பாட்டுப் பெட்டியை ஒரு கையை மட்டும் நீட்டிக் கொடுத்தேன். சனம் சிரித்தது. இரண்டாவது வாரமும் சிரித்தது. அதன் பிறகு கதவு எப்போது திறக்கும் என்று பார்க்கத் தொடங்கினார்கள். சிரிப்புக்கு நடுவில் அந்தக் காத்திருப்பு எனக்குக் கேட்டது. மேடைக்காரருக்கு அது கேட்கும். கதவு திறக்கவில்லை. சிரிப்பு மெலிந்துகொண்டே போனது.

நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். மார்க்கம் நகரில் ஒரு சீன வைத்தியர் முகத்தில் ஊசிகள் குத்தினார். ரெக்ஸ்டேலில் ஒருவர் மின்சாரம் பாய்ச்சினார். கோயிலில் நேர்த்தி வைத்தேன். கணவர் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கன்னத்தில் தேய்த்துவிட்டார். இருபத்தாறு வயது மகள் வேலையால் வந்ததும் என் முகத்தை ஃபோனில் வீடியோ எடுப்பாள், முதல் நாளோடு ஒப்பிட்டுப் பார்க்க.

"நேற்றைக்கும் இண்டைக்கும் சேம்தான் அம்மா."

"வடிவாப் பார். கடைவாய் கொஞ்சம் ஏறியிருக்கு."

"இல்லை அம்மா. ஸொறி." ஃபோனை வைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். "இது ஜஸ்ட் ஒரு ஷோதானே. ஏன் இப்பிடி உங்களைக் கொல்லுறியள்?"

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் உச்சரிப்புப் போய் நிற்கும். ஆட்கள் பொறுமையாகத் தலையை ஆட்டுவார்கள். அந்தக் கதவு ஒன்றில்தான், நான் வரப்போகிறேன் என்று தெரிந்து இருநூறு பேர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். இதையெல்லாம் ஒட்டாத உதட்டால் சொல்ல முடியாது. "உனக்கு விளங்காது" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து போனாள்.

அந்த நாட்களில்தான் ஒரு செத்தவீடு. நாடகக் காலத்துத் தோழி ஒருத்தியின் தாய். போகாமல் இருக்க முடியாது. முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போக நினைத்தேன், ஆனால் அது இன்னும் வேடிக்கையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வரிசையில் நின்றபோது பக்கத்து வரிசையிலிருந்த இரண்டு இளம்பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளின் கையைக் கிள்ளினாள். இருவரும் குனிந்தார்கள். தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் தோழி நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். துக்கம் கேட்கிற முகத்தைத்தான் வைத்தேன். என்னிடம் இருந்த பாதி முகத்தில் அதைத்தான் வைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு வெடித்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் தோளில் விம்மி விம்மி அழுதாள்.

"அம்மா உம்மட புரோகிராம் ஒண்டும் விடமாட்டா" என்றாள் காதுக்குள். "ஆனா இண்டைக்கு வேண்டாமப்பா. தயவுசெய்து இண்டைக்கு மட்டும் செய்யாதையும்."

நான் செய்யவில்லை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? அவளுடைய முதுகைத் தடவிவிட்டேன். "சரி" என்றேன். அந்தச் சொல்லுக்கு உதடு ஒட்டத் தேவையில்லை. பின்னால் வரிசை காத்திருந்தது. நேரே காருக்குப் போய், கதவைப் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். வலது கண்ணை மூட முடிந்தது. மற்றது திறந்தபடியே அழுதது.

சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாக ஒரு பெண் வந்தாள். அன்ரியின் தங்கை ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று கதையில் எழுதியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். சென்னைக்காரி. மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே நடிக்க முயன்றுகொண்டிருந்தவள். என்னைத் தேடி உடை மாற்றும் அறைக்கு வந்தாள்.

"மேடம், எனக்கு ரொம்ப சங்கடமா இருக்கு. ஏஜென்ட் போகச் சொன்னாங்க, வந்தேன். உங்களுக்குப் பதிலான்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்ல."

"அது அவையின்ர கதவு, பிள்ளை. ஆர் தள்ளினாலும் திறக்கும்" என்றேன். பாதிதான் அவளுக்கு விளங்கியிருக்கும். என் பாதத்தைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். அவளை வெறுக்க விரும்பினேன். வெறுக்க முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அன்றைய காட்சி இதுதான்: கதவுக்குப் பின்னால் நின்று நான், என் தங்கை வந்திருக்கிறாள், அவளிடம் சாப்பாட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லவேண்டும். அவள் கதவைத் திறந்து உள்ளே போகவேண்டும். இருட்டில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் கையில் சாப்பாட்டுப் பெட்டி. அவளுடைய மூச்சு வேகமாக இருந்தது. உள்ளே கதாநாயகர் தன் வசனத்தைச் சொன்னார். சனம் சிரித்தது. நான் என் வரியைச் சொல்லவேண்டும்.

சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் கையை நீட்டிக் கதவைத் தள்ளி நானே உள்ளே போனேன்.

வெளிச்சம் கண்ணில் அடித்தது. ஒரு கண் கூசி மூடியது. மற்றது மூடவில்லை. முதலில் கைதட்டல். எவ்வளவு காலம் காத்திருந்தார்கள்! எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். சிரிப்பு ஒரு சுவர்போல வந்து மோதியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. அன்ரி புதிதாக ஒரு முகம் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். நான் வாயைத் திறந்து வசனத்தைச் சொன்னேன். எச்சில் வழிந்தது. இன்னும் சிரித்தார்கள்.

கதாநாயகர் சிரிக்கவில்லை. அடுப்பை விட்டு என்னிடம் வந்தார். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, "உட்காருங்கள்" என்றார். அது தாளில் இல்லாத வார்த்தை. அவர் குரலில் எதையோ கேட்டதும் முன்வரிசையில் சிரிப்பு நின்றது. அங்கிருந்து பின்வரிசைவரை மெல்ல மெல்ல நின்றுகொண்டே போனது. ஒரு பெண் கையால் வாயைப் பொத்தினாள். நான் மிச்ச வசனத்தையும் சொன்னேன். நல்ல வசனம் அது, சிரிப்பு வரவேண்டிய வசனம். ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்குகள் எரியும் மெல்லிய இரைச்சல் கேட்டது.

இயக்குநர் நிறுத்தச் சொன்னார். கோபிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து, "உங்களுக்கு இது தேவைப்பட்டது என்று விளங்குகிறது. இப்போது நாங்கள் எழுதியபடி ஒருதரம் எடுப்போம்" என்றார்.

நான் திரும்பவும் கதவுக்குப் பின்னால் போனேன். வேறென்ன செய்வது? வேலைக்கு வந்திருந்தேன். என் தங்கை வந்திருக்கிறாள் என்று சொன்னேன். சென்னைக்காரி என்னைப் பார்த்தாள். "போம்" என்று தலையை ஆட்டினேன். அவள் உள்ளே போனாள். சனம் முதலில் தயங்கியது. பிறகு சிரித்தது. அவள் கெட்டிக்காரி. அந்தச் சிரிப்பின் அளவை இருட்டில் நின்று கேட்டேன். இன்னும் இரண்டு வாரத்தில் அது வளர்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

நான் உள்ளே நுழைந்த அந்தத் துண்டு ஒளிபரப்பாகவில்லை. அடுத்த சீசனுக்கு எனக்கு அழைப்பும் இல்லை. தொடர் மறுபடி தொடங்கிய அன்று மூவரும் சோபாவில் இருந்து பார்த்தோம். பக்கத்து வீட்டு அன்ரி எங்கே என்று பிள்ளைகளில் ஒருவர் கேட்கிறார். "மகனோடு இருக்க வான்கூவருக்குப் போய்விட்டார்" என்கிறார் கதாநாயகர். கோப்பையில் கோப்பி ஊற்றுகிறார். தங்கை கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறாள்.

"உமக்கு மகன் இருக்கிறான் எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார் கணவர். மகள் அவரை முறைத்தாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கடைகளில் யாராவது, அன்ரி ஏன் இப்ப வாறேல்லை என்று கேட்டால், வான்கூவருக்குப் போட்டன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

முகம் மெல்ல வந்தது, முழுதாக வரவில்லை. உதடு ஒட்டியது. கடைவாய் கொஞ்சம் ஏறியது. புருவம் எழும்பவில்லை. நரம்புகள் வளரும்போது வழிமாறிப் போய்விட்டன என்றார் டொக்டர். சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் நான் கண்ணடிக்கிறேன் என்று நினைப்பார்கள். ஏஜென்ட் அனுப்பிய இடமெல்லாம் போனேன். எல்லோரும் அன்பாகப் பேசி அனுப்பினார்கள். பிறகு ஏஜென்ட் தொலைபேசியை எடுப்பது குறைந்தது. காலையில் கணவர் வேலைக்குப் போன பிறகு உடுத்துக்கொண்டு மேசையில் இருப்பேன். போக ஓரிடமும் இல்லை. சில நாட்களில் அவர் திரும்பி வரும்போதும் அதே கதிரையில்தான் இருப்பேன்.

போன மாரியில் ஒரு வாய்ப்பு வந்தது. ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் பக்கவாதம் வந்த கிழவி. வசனம் இல்லை. வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மகள் எடுத்து அனுப்பினாள். அடுத்த நாள் பதில் வந்தது: நன்றாக இருக்கிறது, முகத்தை இன்னும் கொஞ்சம் கோணலாக்க முடியுமா?

மகள் அதை வாசித்துவிட்டு ஃபோனை மேசையில் வைத்தாள். "நான் இதை எடுக்கமாட்டன். என்னாலை ஏலாது அம்மா."

"அப்ப தா இஞ்சை."

அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே பனிக்குள் போய் நின்றாள். நான் ஃபோனைச் சீனிப்போத்தலில் சாய்த்துவைத்து, எத்தனையோ மாதமாக ஏற்றப் பாடுபட்ட கடைவாயைக் கீழே இறக்கினேன். சுலபமாக இறங்கியது. யன்னலால் பார்த்தால், அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வேலை கிடைத்தது.

படப்பிடிப்பில் என்னைக் கட்டிலில் சாய்த்து வைத்தார்கள். தாதியாக நடித்த பெண் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டவேண்டும். நான் அசையாமல் விழுங்கவேண்டும். முதல் கரண்டி வாய்க்குள் போனதும் என் இடது கண்ணிலிருந்து கண்ணீர் ஓடியது. வழிமாறிய நரம்பின் வேலை அது. சாப்பிட்டால் எச்சில் ஊறவேண்டிய இடத்தில் கண்ணீர் வரும். அங்கே யாருக்கும் அது தெரியாது. தாதிப் பெண் கரண்டியைப் பிடித்தபடி தானும் அழத் தொடங்கிவிட்டாள்.

இளம் இயக்குநர் கட்டிலருகே வந்து குந்தினார். அவருடைய கண்களும் கலங்கியிருந்தன. "அற்புதம். அதை இன்னொரு தரம் செய்ய முடியுமா? வேறு கோணத்தில் வேண்டும்" என்றார்.

"கஞ்சி தந்தால் வரும்" என்றேன்.

அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு நான் சொன்ன ஒன்றுக்கு ஒருவர் சிரித்தது அதுதான். கோப்பை முடியும்வரை ஊட்டினார்கள். உப்பில்லாத கஞ்சி, ஆறிப் போயிருந்தது. ஒவ்வொரு தரமும் அழுதேன்.

வாசலில் கணவர் காரோடு நின்றார். "எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார்.

"நல்லாச் செய்தனாம்" என்றேன். சீற் பெல்ற்றைப் போட்டுக்கொண்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் எல்லாக் கார்களும் ஊர்ந்துகொண்டிருந்தன. நாங்களும் அவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டோம்.